சுழற்சியினுள்ளே அமைதி கண்டவர்: பேராசிரியர் தேயோடோர் ஸ்வெட்பெர்க்

பாற்கடல் கடைந்த கதை நம் சிறுவர் யாவரும் அறிந்தது. மந்தரமலையை மத்தாக நாட்டி, வாசுகியைக் கயிறாகப் பூட்டித் தேவரும் அசுரரும் இருபுறமும் நின்று இழுத்தனர். வலிமை மிக்க அவ்விரு சாராரும் கூடி இழுத்தும் தொடக்கத்திற் கருமம் கைகூடவில்லை. மத்து நிலைகொள்ளாது ஆழியில் அமிழ்ந்தது. திருமால் ஆமையுருக் கொண்டு அதனைத் தாங்கிய பின்னரே கடைதல் ஒழுங்காயிற்று. கடலினுட் கலந்து மறைந்து கிடந்தவை ஒவ்வொன்றாய் வெளிப்பட்டன. கதையைக் கதையாகவே கொள்வோமாயினும் அதனுட் பொதிந்துள்ள உண்மை பொறிகளுக்கும் பொருந்துவது. சுழற்றுதற்கு வலிமை போதும்; சுழற்சியாற் பயன் பெறுதற்கோ நிலைபேறு வேண்டும்.

இவ்வுண்மையை இருபதாம் நூற்றாண்டில் ஓர் ஆய்வுகூடத்தினுள்ளே நிலைநாட்டியவர் சுவீடன் நாட்டுப் பேராசிரியர் தேயோடோர் ஸ்வெட்பெர்க். சென்றிபியூஜ் என்று நம் மாணவர் வழங்கும் மையநீக்கியையும், அதன் உயிர்நிலையாகிய சுழலியையும் பற்றிப் பேசுவோர் எவரும் இவர் பெயரைச் சொல்லாது அப்பாற் செல்லுதல் இயலாது. தமிழாசிரியராகிய நாம் ஓர் இரசாயன அறிஞரின் வரலாற்றை எழுதப் புகுவது சிலருக்கு வியப்பாயிருத்தல் கூடும். நல்லோர் வரலாறு எத்துறையைச் சார்ந்ததாயினும் கற்பார்க்குப் பொதுச்சொத்து. அதனாலேயே இச்சிறப்பு மலரில் இவ்வரலாற்றைத் தெரிந்து கொண்டோம்.

ஸ்வெட்பெர்க் 1884ஆம் ஆண்டு ஓகத்து மாதம் 30ஆந் திகதி, சுவீடனின் யெவ்லே நகரை அடுத்த பிளேராங் என்னும் இடத்தில், ஆலை முகாமையாளர் ஒருவரின் ஒரே மகனாய்ப் பிறந்தார். இளமையிற் செடி கொடிகளிடத்து அவருக்கு மிக்க விருப்பம் இருந்தது. பள்ளிப் பருவத்திற் பௌதிகமும் இரசாயனமும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. உயிர்களின் இயல்பை அறிய வேண்டின் அதற்கு இரசாயனமே வாயில் என்று துணிந்து, 1904ஆம் ஆண்டு சனவரியில் உப்சாலாப் பல்கலைக் கழகத்திற் சேர்ந்தார். அன்று தொடங்கிய உறவு அவர் வாழ்நாள் முழுதும் நீடித்தது. 1907இற் கலாநிதிப் பட்டம் பெற்று, 1912இல், தம் இருபத்தெட்டாம் வயதிற், பௌதிக இரசாயனப் பேராசிரியரானார். தம் முதற்பெயரைச் சுருக்கித் தே என்று கையொப்பமிடுவது அவர் வழக்கம். அதனை ஆங்கிலச் சுட்டிடைச் சொல்லென மயங்கினோர் பலர்.

அவர் முதலில் மேற்கொண்ட ஆராய்ச்சி கூழ்நிலைக் கரைசல்களைப் பற்றியது. பாலும், மையும், குருதியும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. இவற்றுள் நுண்டுணிக்கைகள் கரைந்தும் கரையாதவாறு மிதந்து கொண்டிருக்கும். சாதாரண நுணுக்குக்காட்டிக்குப் புலப்படாத அத்துணிக்கைகள் ஓயாது துடித்துக் கொண்டிருப்பவை. இத்துடிப்பைப் பிறவுனின் அசைவு என்பர். இளைஞரான ஸ்வெட்பெர்க் இவ்வசைவை அளந்து வெளியிட்ட முதன் முடிவுகளை ஐன்ஸ்டீனும் பெரினும் குறை கண்டனர். எவர்க்கும் மனந்தளர்ச்சியைத் தரத்தக்க கண்டனம் அது. அவரோ துறையை விட்டு விலகாது, மேலும் நுட்பமாக அளத்தற்குரிய வழிகளைத் தேடினார். அத்தேட்டமே அவரைச் சுழலியிடத்துக் கொண்டு சென்றது.

தேடிய வழி யாதென்பதைச் சிறிது விளக்குதல் வேண்டும். ஆற்று நீரைக் குடத்தில் மொண்டு வைத்தால் மணல் விரைவிலும், வண்டல் மெதுவாகவும் அடியிற் படியும். படியும் வேகத்தைக் கொண்டு துணிக்கையின் பருமனைக் கணக்கிடலாம். ஆயின் மிகச் சிறிய துணிக்கைகள் ஓராண்டு காத்திருப்பினும் படியா. புவியீர்ப்பு அவற்றைக் கீழே இழுக்க, அவற்றின் துடிப்பு அவற்றை மேலே சிதறடிக்கும். எனவே புவியீர்ப்பினும் பன்மடங்கு பெரிய விசையொன்று வேண்டும். கல்லைக் கயிற்றிற் கட்டிச் சுழற்றும் சிறுவன் அவ்விசையைத் தன் கையில் உணர்கின்றான். அதுவே மையநீக்க விசை. சுழற்சி வேகம் இருமடங்காயின் அவ்விசை நான்கு மடங்காகும். மும்மடங்காயின் ஒன்பது மடங்காகும். நிமிடத்துக்கு 10,000 முறை சுழலும் பொறியொன்றில், அச்சிலிருந்து 10 சதமமீற்றர் தொலைவிலுள்ள பொருள், புவியீர்ப்பைப் போல ஏறக்குறைய 11,000 மடங்கு விசைக்கு உட்படும்.

இத்தகைய பொறிக்குச் சுவீடன் நாடே பிறப்பிடமாய் இருந்தமை கருதத்தக்கது. உப்சாலாவிலேயே கற்றுக் கலாநிதியான குஸ்தாவ் தெ லாவால் என்னும் பொறியியலறிஞர், 1878இற் பாலிலிருந்து ஆடையைப் பிரிக்கும் சுழற்பொறியை ஆக்கினார். தயிரை மத்தாற் கடைந்து வெண்ணெய் எடுப்பது நம் வழக்கம். அவர் பாற்கலத்தையே சுழற்றி ஆடையைப் பிரித்தார். நீராவிச் சுழலாழி ஆக்கும் முயற்சியில் அவர் கண்ட நுட்பமும் ஒன்றுண்டு. விரைந்து சுழலும் சக்கரத்தைத் தடித்த அச்சில் இறுகப் பிணித்தால் அது அதிர்ந்து உடையும்; வளைந்து கொடுக்கும் மெல்லிய அச்சிற் பொருத்தினாலோ, குறித்தவொரு வேகத்தைக் கடந்த பின், அது தன் மையத்தைத் தானே தேடி அமைதியாகச் சுழலும். தள்ளாடித் தொடங்கிப் பின்னர் நின்று உறங்கும் பம்பரத்தைக் கண்டோர் இவ்வமைதியை மனத்திற் கொள்ளல் எளிது.

பாலைப் பிரித்தல் வேறு. பிரியும்பொழுதே கண்டு அளத்தல் வேறு. 1923இல் அமெரிக்க விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தில் எட்டுத் திங்கள் வருகைப் பேராசிரியராய் இருந்த ஸ்வெட்பெர்க், நிக்கொல்ஸ் என்னும் இளம் ஆய்வாளரோடு சேர்ந்து, சுழலும்போதே கரைசலை ஒளிகொண்டு நோக்கத்தக்க மையநீக்கியொன்றை ஆக்கினார். துணிக்கைகள் வெளிநோக்கிச் செல்வதை அவர்கள் கண்டனர். ஆயின் கலத்தினுள்ளே கரைசல் தானே புரண்டு கலங்கியமையால் அளவீடு நம்பத்தக்கதாய் அமையவில்லை. வெளியே பொறி எத்துணை விரைவாகச் சுழன்றாலென்ன? உள்ளே அமைதி இல்லாதவிடத்து உண்மை தெளிவதில்லை.

கலக்கத்தின் காரணத்தை 1924இல் உப்சாலாவுக்கு மீண்டு, எர்மன் றிண்டே என்பாரோடு ஆராய்ந்தபோது அவர் கண்டுபிடித்தார். வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களை நோக்குக. குடத்தருகே நெருங்கியும் வட்டையருகே அகன்றும் அவை நிற்கின்றன. சுழலியிலுள்ள துணிக்கைகளும் அவ்வாரக்கால்களின் வழியே விரிந்து செல்வன. கலத்தின் பக்கச் சுவர்கள் ஒன்றுக்கொன்று சமாந்தரமாய் இருப்பின், விரிந்து செல்லும் துணிக்கைகள் அச்சுவர்களில் மோதித் திரளும். திரண்ட இடத்திற் கரைசல் கனத்து வழுக்கி ஓடி, அனைத்தையும் கலக்கிவிடும். ஆதலின் கலத்தின் இரு சுவர்களையும் இரண்டு ஆரக்கால்களைப் போலவே, ஆரைச்சிறை வடிவில், அமைத்தார். மோதுதல் ஒழிந்தது, கலக்கம் அடங்கியது. பெருஞ்செலவோ பேராற்றலோ வேண்டாத சிறு மாற்றம் அது. துணிக்கை செல்ல விரும்பும் வழியை அறிந்து, அவ்வழிக்குக் கலம் இடங் கொடுத்தது, அவ்வளவே. அப்புதிய பொறிக்கு அவர் அவ்வாண்டே இட்ட பெயர் அல்ட்ராசென்றிபியூஜ். தமிழில் அதனை மீமையநீக்கி எனலாம்.

இனி அவர் வாழ்வின் திருப்புமுனைக்கு வருவோம். நம் குருதியிலும், பாலிலும், முட்டையிலும் உள்ள புரதங்கள் எத்தன்மையின என்பது அக்காலத்திற் பெரும் வினாவாயிருந்தது. அவை பல பருமனுடைய துணுக்குகள் ஒட்டித் திரண்ட, வரையறையற்ற திரள்கள் என்றே இரசாயன அறிஞர் பலர் எண்ணினர். ஸ்வெட்பெர்க்கும் அவ்வாறே எண்ணினார். நெல்லும் பதரும் குறுநொய்யும் கலந்ததைச் சுளகிலிட்டுப் புடைத்தாற் பலவகையும் தனித்தனி பிரிவது போலப், புரதத்தைச் சுழலியிலிட்டாற் பலவகைப் பருமன்கள் வரிசையாகத் தோன்றும் என எதிர்பார்த்தார். பொறியை அவர் அமைத்ததே அவ்வேறுபாட்டை அளத்தற்காக எனலாம்.

அந்நாளில் அவரோடு இணைந்து உழைத்தவர் றொபின் வோறெயுஸ் என்னும் மருத்துவ அறிஞர். நம் வைத்தியசாலைகளில் இன்றும் நோயாளர்க்குச் செய்யப்படும் செங்குருதிக் கல அடைதல் வீதச் சோதனையின் முன்னோடிகளுள் ஒருவர் அவர். இருவரும் முதலிற் பாற்புரதத்தை ஆராய்ந்தனர். அதிற் பருமன் பலவாறாகவே காணப்பட்டது. பின்னர்க் குருதியின் செந்நிறப் பொருளாகிய ஈமோகுளோபினை இட்டுச் சுழற்றினர். துணிக்கைகள் எளிதில் நகரவில்லை. பொழுது நெடிது சென்றது. இரவில் வோறெயுஸ் தனித்துக் காவலிருந்தார். செந்நிறக் கரைசலின் உட்புற ஓரத்தில், கீழ்வானில் விடியல் தோன்றுவது போல, ஒரு தெளிவு அரும்பக் கண்டு, உடனே தொலைபேசியில் ஸ்வெட்பெர்க்கை அழைத்து அம்மகிழ்ச்சியைச் சொன்னார் என்பர்.

அவ்விடியல் வெறும் ஒளியன்று. ஓர் எண்ணமும் உடன் விடிந்தது. ஈமோகுளோபின் துணிக்கைகள் பலவகையல்ல. யாவும் ஒரே பருமனுடையன. இரும்பின் அளவைக் கொண்டு கணக்கிட்டோர், ஓர் இரும்பணுவுக்கு ஏறக்குறைய 16,700 என்னும் எடையுடைய புரதம் உண்டு என முன்னரே கண்டிருந்தனர். சுழலி காட்டிய எடையோ அதனைப் போல நான்கு மடங்கு, ஏறக்குறைய 67,000. ஆகவே ஈமோகுளோபின் மூலக்கூறு ஒவ்வொன்றும் நான்கு இரும்பணுக்களைத் தாங்கிய, வரையறுத்த, முழுமையான ஒரு பொருள் என்பது பெறப்பட்டது. 1925இற் கேம்பிரிட்சில் ஏடெயர் என்பாரும் முற்றும் வேறான முறையால் இம்முடிவையே அடைந்தார். இரு வழிகள் ஓரூரிற் கூடினால் ஊர் உண்மையென நம்பலாமன்றோ? பிற்காலத்து மாக்ஸ் பெறுற்சு அம்மூலக்கூற்றின் நாற்கூற்று அமைப்பையே விளக்கிக் காட்டினார்.

இவ்விடத்தில் நாம் சிறிது நின்று சிந்தித்தல் நன்று. தாம் ஆக்கிய பொறி, தாம் நம்பியதற்கு மாறானதைச் சொல்லும்போது, ஆய்வாளர் இரண்டிலொன்று செய்யலாம். பொறியிற் குற்றங் கூறித் தம் கொள்கையைக் காத்துக் கொள்ளலாம். அன்றிக் கொள்கையை விட்டு உண்மையை ஏற்கலாம். ஸ்வெட்பெர்க் இரண்டாவதைச் செய்தார். செய்ய முடிந்ததற்குக் காரணமும் உண்டு. கலத்தினுட் கலக்கம் இல்லை என்பதை அவர் முன்னரே உறுதி செய்திருந்தார். பொறியைக் குறை கூறுதற்கு இடமே வைக்காதபடி அதனைத் திருத்தியவர், அது கூறிய தீர்ப்புக்குத் தலைவணங்குவதே முறையென உணர்ந்தார். உயிருள்ள பொருள்களின் அடிப்படை வரையறையற்ற திரளன்று, வரையறுத்த மூலக்கூறே என்னும் கொள்கைக்குக் கிடைத்த உறுதியான சான்றுகளுள் அது தலையாயது.

சிறு புரதங்களையும் அளக்க வேண்டின் விசை இன்னும் பெருக வேண்டியிருந்தது. 1926இல், அமுக்கத்தோடு பாயும் எண்ணெயால் இயங்கும் சிறு சுழலாழிகள் இருபுறமும் பூட்டப்பெற்ற புதிய பொறி உப்சாலாவில் இயங்கத் தொடங்கியது. நிமிடத்துக்கு 40,000 முறைக்கு மேற் சுழன்று, புவியீர்ப்பைப் போல ஓரிலட்சம் மடங்கு விசையை அது தந்தது. அவ்வேகத்திற் சுழலி காற்றோடு உரசினால் வெப்பம் எழும். கரைசலில் ஓரிடம் சற்றே சூடேறினும் மீண்டும் கலக்கமாம். எனவே சுழலியைச் சூழ்ந்த அறையினின்று காற்றை அகற்றிச், சிறிதளவு ஐதரசன் வாயுவை இட்டார். அவ்வாயு இலேசானது, ஆதலின் உராய்வு குறைவு. வெப்பத்தை நன்கு கடத்துவது, ஆதலின் சூடு தங்குவதில்லை. ஒளிபுகும் படிகச் சாளரங்கள் கலத்தின் இருபுறமும் பதிக்கப்பட்டன. கரைசலின் எல்லை நகர்வதை இடையிடையே நிழற்படமாகப் பிடித்தனர்.

சுழலியை அமைப்பார்க்குள்ள இடரை நம் மாணவர் அறிதல் வேண்டும். ஓரிலட்சம் மடங்கு விசையில் ஒரு கிராம் எடையுள்ள பொருள் நூறு கிலோகிராம் போலக் கனக்கும். கரைசல் மட்டுமன்று, சுழலியின் ஒவ்வோர் அணுவும் அவ்வாறே கனத்து வெளியே பாய முயலும். ஆகவே சுழலி, பிறிதொரு பொருளைச் சுமக்குமுன் தன்னைத் தானே சுமத்தல் வேண்டும். உருக்கைத் தடிப்பாக்கினால் வலிமை கூடும் என எண்ணுதல் தவறு; தடிப்பினாற் பாரமும் உடன் கூடுமன்றோ? வலிமைக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதமே வேகத்தின் எல்லையை வகுப்பது. கலத்துக்கெனத் துளையிட்டவிடத்தே தகைப்பு மிகுந்து வெடிப்புத் தோன்றும். 1930களில் விசையை மேன்மேலும் உயர்த்த முயன்றபோது உப்சாலாவிற் சுழலிகள் சில வெடித்துச் சிதறின. எல்லையை அவ்வாறு அறிந்த பின்னர், நாளாந்த ஆராய்ச்சிக்கு அவ்வெல்லைக்குக் கீழேயே நின்று பணிபுரிவதை அவர்கள் வழக்கமாக்கினர்.

1926ஆம் ஆண்டுக்குரிய இரசாயன நோபெல் பரிசு ஸ்வெட்பெர்க்குக்கு வழங்கப்பட்டது. அவ்வாண்டுப் பௌதிகப் பரிசைப் பெற்றவர், முன்னாளில் அவரைக் குறை கண்ட பெரின் என்பது குறிப்பிடத்தக்கது. ஒருவர் புவியீர்ப்பின் கீழும் மற்றவர் மையநீக்க விசையின் கீழும் துணிக்கைகள் படியும் முறையை அளந்து, ஒரே உண்மையின் இருமருங்கையும் காட்டினர். பரிசின் பயனாக ஸ்வெட்பெர்க்குக்கு அரசின் ஆதரவு பெருகியது. 1931இல் உப்சாலாவில் அவருக்கெனப் புதிய ஆய்வு நிலையம் எழுந்தது. நத்தையின் குருதிக்கு நீலநிறம் தரும் ஈமோசயனின் பல இலட்சக்கணக்கான எடையுடையது என்பதும், அத்துணைப் பெரிய மூலக்கூறுகளும் ஒரே பருமனாய் இருப்பதும் அவருடைய பொறிகளாலேயே தெளிந்தன.

அவர் கூறியன யாவும் நிலைத்துவிட்டன என்று நாம் சொல்ல வரவில்லை. புரதங்களின் எடைகள் அனைத்தும் ஓர் அடிப்படை எண்ணின் மடங்குகளே என்றொரு கொள்கையை அவர் வெளியிட்டார். முதலில் அவ்வெண்ணை 34,500 என்றும், பின்னர் அதனிற் பாதியளவாகிய 17,600 என்றும் கொண்டார். எண்களின் ஒழுங்கு அவரைக் கவர்ந்தது. மேலும் பல புரதங்கள் அளக்கப்பட்டபோது அக்கொள்கை தளர்ந்து கைவிடப்பட்டது. ஆயின் கொள்கை வீழ்ந்தும் அளவீடுகள் வீழவில்லை. சுழலி நன்கு அமைந்ததாயின், அதனைக் கையாண்டவர் தவறாகப் பொருள் கொண்டாலும், அது தந்த எண் பின்வருவார்க்குப் பயன்படும்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்து நிகழ்ச்சியொன்று நம் நாட்டோடும் தொடர்புடையது. ஹெந்தளையில் வாழும் நமக்கு அயலூராகிய கம்பகா எனறத்கொடைப் பூங்காவிலேயே, 1876இல், ஆசியாவின் முதல் இறப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. 1942இல் மலாயாவும் கிழக்கிந்தியத் தீவுகளும் யப்பானியர் கைப்பட்டபோது, நேச நாடுகளுக்கு இயற்கை இறப்பரை அளித்த நாடுகளுள் இலங்கையே முதன்மை பெற்றது. நடுநிலை நாடாகிய சுவீடனுக்கோ கடல்வழி அடைபட்டமையால் இறப்பர் கிட்டவில்லை. அவ்விடுக்கணிற் செயற்கை இறப்பர் ஆக்கும் பணியை மேற்கொண்டவர்களுள் ஸ்வெட்பெர்க்கும் ஒருவர். இன்னொரு பொருத்தமும் காண்க. மரத்திலிருந்து வடிக்கும் இறப்பர்ப் பாலில் மூன்றிலொரு பங்களவே இறப்பர் உண்டு. தெ லாவால் வழிவந்த சுழற்பொறியிலிட்டே அதனை நூற்றுக்கு 60 பங்கு இறப்பருடைய செறிபாலாக்குகின்றனர். கையுறைகள் செய்தற்கு உரியது அச்செறிபாலே.

1949இல் ஓய்வு பெறும் வயதை எய்தியும் அவருக்கு ஓய்வு வாய்க்கவில்லை; அவர் அதனை விரும்பவுமில்லை. உப்சாலாவிற் கொடையாளர் ஒருவரின் பெயரால் நிறுவப்பெற்ற குஸ்தாவ் வேர்னர் கரு இரசாயன நிலையத்தின் தலைவராய் 1967 வரை பணியாற்றினார். அந்நிலையத்தின் துணிக்கை முடுக்கியைக் கொண்டு 1957இற் புற்றுநோயாளர்க்குப் புரோத்தன் சிகிச்சை தொடங்கப்பட்டது. பன்னிரு மக்களுக்குத் தந்தையாகிய அவர், ஓய்ந்த நேரங்களில் ஓவியந் தீட்டினார். இளமையில் விரும்பிய காட்டுப் பூக்களை முதுமையிலும் தேடிச் சேர்த்தார். 1971ஆம் ஆண்டு பெப்புருவரி 25ஆந் திகதி, எண்பத்தாறாம் வயதில் மறைந்தார்.

அவருக்குப் பின் சுழலி அடைந்த வளர்ச்சி பெரிது. அமெரிக்காவில் 1935இற் பீம்சும் பிக்கெல்சும் சுழலியை மெல்லிய கம்பியொன்றில் தொங்கவிட்டு, வெற்றிடத்திற் சுழற்றினர். வளைந்து கொடுக்கும் அச்சென்னும் பழைய நுட்பமே அங்கும் புதுவடிவிற் பயன்பட்டது. 1940களின் பிற்பகுதியில் மின்னியக்க மீமையநீக்கிகள் விற்பனைக்கு வந்து, உலகின் பல ஆய்வுகூடங்களுக்குச் சென்றன. கனமான உருக்குக்குப் பதிலாக இலேசான அலுமினியக் கலப்புலோகமும், பின்னர் வலிமையும் துருவேறா இயல்பும் உடைய தைத்தேனியமும், அதன்பின் காபன் இழையும் சுழலிக்குப் பொருளாயின. குழாய்களைச் சாய்வாகப் பொருத்திய சுழலியும், ஊஞ்சல் போலக் குழாய் வெளியே உயர்ந்து கிடையாகும் சுழலியும் வெவ்வேறு தேவைக்கென எழுந்தன. 1958இல் மெசல்சனும் ஸ்தாலும் டி.என்.ஏ. இரட்டிக்கும் முறையை நிறுவியது, சீசியங் குளோரைட்டுக் கரைசலை மீமையநீக்கியில் நெடுநேரம் சுழற்றியேயாகும்.

உயிரியல் கற்கும் உயர்தர வகுப்பு மாணவர் இறைபோசோம்களை 70 எஸ், 80 எஸ் என்று மனனஞ் செய்கின்றனர். அந்த எஸ் என்பது ஸ்வெட்பெர்க்கின் பெயர்தான். ஒரு விநாடியைப் பத்து இலட்சங் கோடி கூறிட்டால் அதில் ஒரு கூறே ஒரு ஸ்வெட்பெர்க் அலகு. 50 எஸ், 30 எஸ் ஆகிய இரு கூறுகளும் கூடினால் 80 ஆகாது 70 ஆவதேன் என்று வியப்போர் உளர். இவ்வலகு எடையைக் குறிப்பதன்று, படியும் வேகத்தைக் குறிப்பது. வேகமோ எடையோடு வடிவத்தையும் சார்ந்தது. இரண்டு ஒன்றாய் இணையும்போது நீரின் தடைக்கு உட்படும் மேற்பரப்புக் குறைதலின், எண்கள் வெறுமனே கூட்டப்படுவதில்லை.

இராகமையிலும் கொழும்பிலும் உள்ள வைத்தியசாலை ஆய்வுகூடங்களிற் குருதி மாதிரிகளைச் சுழற்றும் சிறு மையநீக்கிகள், உப்சாலாப் பொறியோடு ஒப்பிடின் மிக மெதுவானவை. நிமிடத்துக்கு 3,000 முறை சுழல்வதொன்றில் விசை புவியீர்ப்பைப் போல 1,500 மடங்களவே இருக்கும். ஆயினும் நெறி ஒன்றே. ஒரு குழாய்க்கு எதிரே அதே எடையுள்ள மற்றொரு குழாயை வைத்தல் வேண்டும். துலாக்கோலின் இருதட்டும் ஒத்திருத்தல் போல இருபுறமும் ஒத்திராவிடின் சுழலி அதிரும், அச்சுத் தேயும், ஈற்றில் உடைவும் நேரும். உப்புக் கரைசல் சிந்தினால் உடனே கழுவித் துடைத்தல் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத சிறு அரிப்பும், சிறு கீறலும் பெருவிசையின் கீழ்ப் பிளவாக விரியும். பெரிய சுழலிகளுக்கு எத்தனை முறை சுழன்றன என்று கணக்கேடு வைத்து, தொகை நிரம்பியதும் நல்ல தோற்றத்தோடிருப்பினும் ஓய்வு கொடுத்துவிடுகின்றனர். இவற்றைச் சிறு கருமங்களென இகழ்வோர், அருகில் நிற்பவரின் உயிரோடு விளையாடுகின்றனர்.

ஸ்வெட்பெர்க் மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகின்றது. அவருடைய சுழலியிலும் விரைவாய்ச் சுழல்வன இன்று பல. வேகத்தில் அவரை வென்றுவிடலாம், வென்றும் விட்டனர். ஆயின் ஓரிலட்சம் மடங்கு விசையின் நடுவே ஒரு துளிக் கரைசல் அசையாது தெளிந்திருக்க இடஞ் செய்ததும், அத்தெளிவு காட்டியது தாம் நம்பியதற்கு மாறாயிருந்தும் அதனை ஏற்றதும் அவருடைய பெருமை. நம் கல்லூரியின் ஆய்வுகூடத்தில் ஒரு மாணவன் குழாய்களைச் சமன் செய்து, மூடியை மூடிப் பொறி முற்றும் நிற்கும்வரை பொறுத்திருந்து, கண்டதைக் கண்டவாறே குறிப்பேட்டில் எழுதுவானாயின், அவன் அப்பேராசிரியரின் மாணாக்கருள் ஒருவனே யாவான். அத்தகைய மாணாக்கர் பலர் நம் கல்லூரியில் தோன்றுவாராக.